மருந்தால் வந்த பிள்ளைகளா?

மணமாகி ஒன்பதாண்டுகளுக்குப் பின், சோதனைக்குழாய் சிகிச்சையால் என் தங்கை இரட்டைக் கருவுற்றாள். அண்டை வீட்டு மாமியோ, "மருந்தால் வந்த பிள்ளைகள் தங்குமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிரவு உம்மா தொழுகைப் பாயை விட்டு எழவேயில்லை.

மறுநாள் மருத்துவரிடம் கேட்டேன். "கரு உண்டான விதத்தைவிட, அது இரட்டை என்பதே பெரிய அபாயம். இயற்கையாக உண்டான இரட்டையரிலும் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகின்றனர். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையருக்கே ஆபத்து அதிகம். இவளுக்கு இரு கருக்கள் வைத்தோம், நஞ்சும் தனித்தனியே. எனினும் ஒரு கரு வைப்பதே பாதுகாப்பு" என்றார்.

34ஆம் வாரத்தில் பிறந்த இருவரும் சில நாட்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீடு திரும்பினர். அல்ஹம்துலில்லாஹ்! படைப்பவன் அல்லாஹ், மருத்துவம் அவன் காட்டிய வழி. கருவுற்றவள் செவியில் அச்சத்தை ஓதாமல், அவளுக்காகத் துஆ ஓதுவோமாக.