சில்லறைதானே என்று விட்டால்...

ஒரு கடையில் டீ, தபால்தலை, ஆட்டோ வாடகை மாதிரி சில்லறைச் செலவுக்குக் கேஷியரே பணம் எடுத்துக் கொடுத்துவிடுவார். பெரிய தொகை என்றால்தான் முதலாளியின் கையெழுத்து. மென்பொருள் எழுதுகிறவர்களும் இதே முறையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்று யாரும் ஒரு மென்பொருளை முழுக்கத் தாங்களே எழுதுவதில்லை. யார் யாரோ எழுதிய ப்ளகின்களும் லைப்ரரிகளும் உள்ளே குவிந்து கிடக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றின் பதிப்புக்கும் மூன்று எண்கள். கடைசி எண் மாறினால் சின்னத் திருத்தம். முதல் எண் மாறினால் பழைய வேலை நின்றுபோகலாம். புதுப் பதிப்பு வந்ததைக் கவனித்து, மாற்றத்தைத் தயார் செய்து நீட்டுவதற்கு டிபெண்டாபாட், ரெனவேட் போன்ற கருவிகள் உண்டு. கடைசி எண் மட்டும் மாறினால் கேட்காமலே சேர்த்துவிடும்படியும் அமைக்கலாம். சில்லறைதானே!

2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் பொறுப்பு புதிய ஆள் ஒருவரிடம் போனது. செப்டம்பரில் அவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற குட்டி லைப்ரரியை அதில் சேர்த்தார். அதன் 0.1.0 பதிப்பு சாது. அக்டோபரில் வந்த 0.1.1-க்குள் திருட்டு நிரல் இருந்தது. குறி, கோபே என்ற பிட்காயின் பர்ஸ் செயலி. மாறியது கடைசி எண் மட்டுமே. விஷயம் வெளியே வந்தது நவம்பரில்!

அப்படியானால் எதையும் மாற்றாமல் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் முடியாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய ஓட்டை தெரியவந்தது. அந்த ஒரே மாதத்தில் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று நான்கு பதிப்புகள். கையாலேயே தேடித் தேடி மாற்றியவர்களுக்கு அந்த மாதம் தூக்கம் இருந்திருக்காது.

ஆக, கருவி வேண்டும்; அதற்கு வரம்பும் வேண்டும். புதுப் பதிப்பு வந்து இத்தனை நாள் ஆன பிறகே எடு என்று ரெனவேட்டில் சொல்லி வைக்கலாம். செக் க்ளியர் ஆகும்வரை காத்திருப்பது போல. பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது. முதல் எண் மாறினால் ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஈவென்ட்-ஸ்ட்ரீம் திருட்டு ஒரு வாரக் காத்திருப்பில் பிடிபட்டிருக்காது. அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் புது லைப்ரரி எதற்கு, கொண்டுவந்தவர் யார்? தொகை சின்னதா பெரியதா என்று மட்டும் பார்க்கிற கருவி இதைக் கேட்காது.

நல்ல கணக்குப்பிள்ளை பத்து ரூபாய் டீச் செலவுக்கும் வவுச்சர் கேட்பது இதனால்தான்.