வாய் கொப்பளிக்கும் கோபுரம்

சிகாகோ நகரின் நடுவே உள்ள மில்லெனியம் பார்க்கில் நுழையக் காசு கிடையாது. அங்கே கிரௌன் நீரூற்றில் நனைவதற்கும் காசு கிடையாது. "அப்படியானால் டவலை மறக்காதே!" என்றாள் அக்கா. ஒரு கையில் ஏழு வயது மகள், இடுப்பில் நாலு வயது மகன்.

பெண்ணைப் பற்றிக் கவலையில்லை. பையன்தான் தண்ணீரென்றால் அலறுவான். போன வருஷம் சென்னைக்கு வந்திருந்தபோது மெரினாவில் ஓர் அலை அவனைப் புரட்டிவிட்டது. அப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை!

மிஷிகன் அவென்யூ ஓரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 50 அடி உயரம். கோபுரம் முழுக்க ஒரே ஒரு மனித முகம்! கண் சிமிட்டுகிறது, மெல்லச் சிரிக்கிறது. ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜௌமே பிளென்சாவின் கைவண்ணம், 2004-ல் திறந்தார்கள். ஊர் ஜனங்கள் சுமார் 1,000 பேரைப் படம் பிடித்து மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த முகம் உதட்டைக் குவிக்கும். உடனே கீழே குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடும். வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அத்தனை தலைகள்மேலும் கொட்டும்! வெயில் காலத்தில்தான் இந்த வேடிக்கை. பனிக்காலத்தில் வெறும் முகம் மட்டுமே.

தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள கலைக்கூடக் கட்டடத்தில்தான் 1893-ல் விவேகானந்தர் பேசினார். அக்கா அந்தக் கதையை ஆரம்பித்தாள். கேட்கத்தான் ஆளில்லை, பெண் அதற்குள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

பையன் ஓரத்திலேயே நின்றான். கோபுரங்களுக்கு நடுவே கருங்கல் தளம். அதில் நிற்கும் தண்ணீர் கால் அங்குலம்கூட இல்லை.

"சித்தி, இது இழுக்குமா?"

"இழுக்காதுடா, கண்ணா."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னே."

எனக்கு வாயடைத்துவிட்டது. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நானே முதலில் இறங்கினேன். அப்பா, என்ன சில்லிப்பு! குனிந்து உள்ளங்கையைத் தளத்தில் வைத்துக் காட்டினேன். என் விரல்களை மூடக்கூடத் தண்ணீர் போதவில்லை. அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு கட்டைவிரலை நனைத்தான். பிறகு பாதத்தை. கருங்கல் வழுக்குமே என்று நான் கையை நீட்டினேன். இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைக்குமேல் இருந்த மீசைக்காரர் உதட்டைக் குவித்தார். ஓட நேரமில்லை. புடவை, பின்னல், கைப்பை எல்லாம் அம்போ! பயத்தோடு குனிந்து பார்த்தேன். பயல் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"சித்தி, அந்த மாமா வாய் கொப்பளிக்கிறார்! மறுபடி எப்போ?"

கொண்டுபோன இரண்டு டவலும் குழந்தைகளுக்கே சரியாகிவிட்டன. அக்கா தன் மேல்கோட்டைக் கழற்றி என் தோளில் போர்த்தினாள்.