முழுமையாக இணங்குகிறது

டெண்டர் படிவத்தின் தொழில்நுட்பப் பட்டியலில் 'திறந்த கட்டமைப்பு. பிற நிறுவனக் கருவிகளை இணைக்க இடமிருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே 'முழுமையாக இணங்குகிறது' என்று எழுதியவன் நான். அது பொய். தெரிந்தே எழுதிய பொய். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளிக்கு அந்த வரியின் பொருளே சரியாகத் தெரியாது.

மலாக்காவின் ஆயர் கெரோவில் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். ராணுவத்திடம் பெரிய நிறுவனம் ஒன்று குத்தகை எடுக்கும், அதனிடம் இன்னொன்று, அதற்கும் கீழே நாங்கள். ஒரு முகாமின் வேலியோரக் கோபுரங்களில் சுழலும் காமிராக்கள், வாயில் தடுப்புகள், தேடுவிளக்குகள், இத்தனையையும் ஒரே திரையிலிருந்து இயக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் பங்கு. நான் தலைமை நிரலாளர். தலைமை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்; எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்துபோகும் பிள்ளைகளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஏமாற்று எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பார்வைக்கு எல்லாம் திறந்ததுதான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோபுரத்தின் அடிவரை சாதாரண ஈதர்நெட். அமைப்புக் கோப்புகள் எக்ஸ்எம்எல் வடிவில், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். சோதிக்க வந்த அதிகாரிகளுக்கு அதைத்தான் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் கோபுரத்தின் அடியில் இருந்த பெட்டியிலிருந்து மேலே மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஓடியது என் சொந்தப் பாஷை. சுழலும் காமிராவுக்கென்றே உலகம் முழுக்கப் புழங்கும் பெல்கோ-டி என்ற கட்டளை வடிவம் உண்டு, ஒரு கட்டளைக்கு 7 பைட்டுதான். தொழிற்சாலைகளில் 1979 முதல் மோட்பஸ் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் தொடாமல், பைட்டுகளின் வரிசையை மாற்றிப் போட்டு, பிழை சரிபார்க்கும் கூட்டுத்தொகையில் எனக்கு மட்டுமே தெரிந்த ஓர் எண்ணைக் கலந்து, நானாக ஒன்றைச் செய்தேன். காமிரா எந்தக் கோணம்வரை திரும்பலாம் என்ற எல்லையைக்கூட மோட்டாரில் வைக்காமல் அந்தச் செய்திக்குள்ளேயே புதைத்தேன். காமிரா எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது துல்லியமாகத் திரும்பி வர வேண்டும், அதற்காகத்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். அது வேண்டும் என்பது உண்மை. அதற்கு மோட்பஸ் தாராளமாகப் போதும் என்பதும் உண்மை.

ஏன் செய்தேன்? பணத்துக்காக இல்லை. எனக்கு வந்தது அதே சம்பளம்தான். பயம்தான் காரணம்.

அந்தப் பயம் அப்பாவிடமிருந்து வந்தது. புக்கிட் காத்திலைச் சுற்றி இன்று தாமான் தாமானாக நிற்கும் நிலத்தில் நிறைய இடம் ஒருகாலத்தில் கித்தா மரம். என் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் கித்தா ஆலையில் பிட்டர். ஆலையின் டீசல் இஞ்சின் அவர் கைக்கு மட்டும்தான் கிளம்பும். எந்த வால்வை எவ்வளவு திறக்க வேண்டும், எந்த பெல்ட்டை எப்போது இறுக்க வேண்டும் என்பதை யாருக்கும் காட்டமாட்டார். வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதியதில்லை. "வேல தெரிஞ்சா மட்டும் பத்தாதுடா, அது அடுத்தவனுக்குத் தெரியாம இருக்கணும். அப்பத்தான் தொரை நம்மள வெச்சிருப்பான்" என்பார். தோட்டத்தில் அடையாள அட்டைக்கும் ரேஷனுக்கும் கிராணி முன்னால் கைகட்டி நின்ற தலைமுறை அது. அவர்களுக்கு இருந்த ஒரே பிடி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது இஞ்சினும் போயிற்று, அப்பாவின் வேலையும் போயிற்று. ரகசியம் அவரை ஒரு மாதம்கூடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. அதை நேரில் பார்த்தவன் நான். பார்த்தும், பட்டப்படிப்பு முடித்து, அதே வித்தையைக் கம்பிக்குள் செய்தேன்.

இதில் எனக்கு மிகவும் கூச்சமான பகுதி வேறு. அந்த நாட்களில் வேலை முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், நாட்டின் பாதுகாப்பைப் பற்றி அதிகம் முழங்குகிறவன் நானாகத்தான் இருப்பேன். மலேசியா அமெரிக்காவிடம் எட்டு எஃப்/ஏ-18டி விமானங்களை வாங்கியது, 1997ல் வந்து சேர்ந்தன. மூல நிரலைத் தரவில்லை, விமானம் நம்முடையது ஆனால் அதை நம் விருப்பப்படி நிரலாக்க முடியாது என்று முன்னாள் பிரதமர் மகாதீர் பின்னாளில் பகிரங்கமாகக் குறைபட்டுக்கொண்டார். அந்தக் குறையை நான் என் சொந்தக் கோபம்போலப் பேசுவேன். "காசு வாங்கிட்டுப் பூட்டையும் கொடுத்து, சாவிய அவனே வெச்சிக்கிறான்" என்று மேசையைத் தட்டியிருக்கிறேன். 2003ல் ஒப்பந்தமான பதினெட்டு சுகோய்-30எம்கேஎம் விமானங்களைப் பற்றியும் பேசுவேன்: உடல் ரஷ்யா, காட்சித்திரைகள் பிரான்சு, ஏவுகணை எச்சரிக்கைக் கருவி தென்னாப்பிரிக்கா. இத்தனை பேரையும் ஒரே விமானத்துக்குள் பேசவைப்பது லேசான காரியமா என்று கேட்பேன். இந்தியா தன் சுகோய்-30க்கான மிஷன் கணினியைத் தானே உருவாக்கியதையும், அந்தத் திட்டத்துக்கு 'வெற்றிவேல்' என்று பெயர் வைத்ததையும் படித்துவிட்டு, எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், நம் நாட்டு முகாமின் கோபுரத்துக்கு நான் ஒரு பூட்டைப் போடுவேன்.

பூட்டு இறுகியது மோட்டார் எரிந்தபோதுதான். இடியிலா ஈரத்திலா தெரியவில்லை, ஒரு கோபுரத்தின் மோட்டார் போயிற்று. அந்த மாடல் உற்பத்தியில் இல்லை. வேறு மோட்டார் வாங்கிப் போட்டால் அது என் பாஷைக்கு அசையவில்லை. முதல் தடவை எங்களிடமே வந்தார்கள். 'ஒருங்கிணைப்புக் கட்டணம்' என்று ஒரு ரசீது போட்டோம். என் மதிப்பு ஏறியது, முதலாளி முதுகில் தட்டினார். அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன், அந்த நிறுவனமும் மூடிப்போனது. ஒருநாள் தொலைபேசி வந்தது. பராமரிப்புக் குத்தகையை எடுத்த புது நிறுவனத்தின் பையன், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறான்.

"அண்ணே, மோட்டாருக்குப் போற அந்த மெசேஜ் எப்படி அமைஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்ண்ணே. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"ரொம்ப நாளாச்சு தம்பி. ஞாபகமில்ல."

நோட்டுப்புத்தகம் அலமாரியில் இருந்தது. எந்தத் தட்டு என்பதுகூட எனக்குத் தெரியும். அப்போது எனக்கு இழக்க வேலையும் இல்லை, காக்க முதலாளியும் இல்லை. பின் ஏன் மறைத்தேன் என்றால், அந்த மாற்றிப்போட்ட பைட்டு வரிசையைப் பார்த்தால் அவனுக்கு நான் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

வெறும் கணினித் திரையில் ஓடும் மென்பொருளாக இருந்தால் அவன் ஊகித்து ஊகித்துக் கண்டுபிடித்திருப்பான். தப்பினால் திரையில் பிழைச் செய்தி வரும், மறுபடி முயலலாம். இரும்பை அசைக்கும் மென்பொருளில் ஊகத்துக்கு இடமில்லை. கோண எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவன் அனுப்பிய ஒரு கட்டளையில் காமிராத் தலை எல்லை தாண்டிச் சுற்றி, தன் கேபிளைத் தானே பிய்த்துக்கொண்டது. அதன் பிறகு அந்தக் காமிராக்களை ஒரே திசையில் நிறுத்திவைத்துவிட்டு, ராத்திரியில் ஆட்களை வேலியோரம் நடக்கவிட்டார்களாம்.

பல வருடம் என்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது: ராணுவக் கருவி, ரகசியமாக இருப்பதுதானே பாதுகாப்பு? படித்தவன் சொல்லக் கூடாத சமாதானம் அது. ஒரு மறைகுறி முறையின் அமைப்பு முழுவதும் எதிரி கையில் கிடைத்தாலும், சாவி ஒன்று மட்டும் மறைந்திருந்தால் அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் எழுதியது 1883ல். என் ஏற்பாட்டில் சாவியே கிடையாது. கம்பியில் கருவியை மாட்டிப் பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கும் பகைவனுக்கு என் பாஷை ஒரு வாரம் தாங்காது. 2010ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் நதான்ஸ் ஆலையில் ஒரு நிறுவனத்தின் மூடிய கட்டுப்படுத்திகளுக்குள் புகுந்துதான் சுழலிகளைக் கெடுத்தது. நெருங்கிப் பார்க்க நேரமும் காசும் உள்ள எதிரிக்கு மூடிய வடிவம் ஒரு தடையே இல்லை. அது தடுத்தது குத்தகை எடுத்த மெர்லிமாவ் பையனைத்தான்.

கருவி வாங்குகிற ராணுவங்கள் இந்த மூடிய வடிவத்தின் விலையைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1973ல் வந்த 1553 என்ற ராணுவத் தரம் விமானத்துக்குள் ஓடும் கம்பியைப் பொதுவாக்கியது. கம்பியில் என்ன பேசுவது என்பதை அந்தந்த விமானத்துக்கே விட்டுவிட்டது. ஆகவே கம்பி ஒன்று, பாஷை வேறு வேறு. நான் செய்த ஏமாற்றும் அந்தச் சந்தில் நுழைந்ததுதான். இந்தச் சந்தை அடைக்கவே 2010ல் அமெரிக்காவில் 'ஃபேஸ்' கூட்டமைப்பு தொடங்கியது. ஒரு விமானத்துக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றிலும் ஓட, இடைமுகத்தையும் தரவின் பொருளையும் பொதுவில் எழுதிவைப்பது அதன் வேலை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவசரத்துக்கு வாங்கிய கருவிகள் ஆளுக்கொரு திரையாகக் கவச வண்டிக்குள் குவிந்து, உட்கார இடமில்லாமல் போன அனுபவத்துக்குப் பின் பிரிட்டன் வண்டிகளுக்கென்று ஒரு பொதுக் கட்டமைப்பை விதித்தது. 2019 ஜனவரி 1க்குப் பிறகு அனுமதி பெறும் பெரிய ஆயுதத் திட்டங்கள் இயன்றவரை பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றக்கூடிய திறந்த அமைப்பாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டமே ஆகிவிட்டது. மூல நிரலை முழுக்கத் தா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பெட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்; பெட்டிகள் சேருமிடத்தை மட்டும் வெளிப்படையாக எழுதிக் கொடு என்கிறது. நான் மறைத்தது துல்லியமாக அந்த இடத்தை.

அந்தப் பையனைப் பிறகு ஒருமுறை செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்தில் பார்த்தேன். அவன்தான் அடையாளம் கண்டு வந்து பேசினான். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. கோபுரக் கருவிகளை எல்லாம் கழற்றிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் புதிதாக வாங்கிவிட்டார்களாம். "அதுவும் மூடுன பெட்டிதான்ண்ணே" என்று சிரித்தான். அலமாரி நோட்டைப் பற்றி அன்றைக்கும் அவனிடம் நான் சொல்லவில்லை. இதை அவன் படித்தால் தெரிந்துகொள்வான்.

வீட்டுக்கு வந்து அந்த இடைமுக ஆவணத்தை எழுதினேன். நான்கு பக்கம்தான் வந்தது. எந்தப் பைட்டில் என்ன, கோண எல்லை எங்கே, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். இப்போது அதனால் யாருக்கும் பயனில்லை. குத்தகை நடந்தபோது எழுதியிருந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை.

என்னைப் போன்றவர்களிடம் நேர்மையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்பதே, கருவி வாங்கும் அதிகாரிகளுக்கு நான் சொல்லக்கூடியது. முகாமோ, மருத்துவமனையோ, தண்ணீர் ஆலையோ, கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள். விற்றவனின் ஆவணத்தை மட்டும் சம்பந்தமே இல்லாத இன்னொரு பொறியாளர் கையில் கொடுத்து, கருவியை அசைக்கச் சொல்லுங்கள். டுரியான் துங்கல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் போதும். அசைந்தால் பணத்தைக் கொடுங்கள்.