கொறங்காட்டு வேலி

ஊரில் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரு வேலி. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி எடுத்தாயிற்று என்று படம் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்க்க ஆவல் இல்லை. அம்மா காலமான பிறகு, அவளுடைய அப்பாவான என் அப்பச்சியின் கொறங்காட்டில் அம்மாவுக்குச் சேர வேண்டிய பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும்படி மாமா கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்மக்களிடம் கேட்பது வழக்கம், கொடுப்பதும் வழக்கம். அந்தக் காட்டைச் சுற்றி நின்ற கிளுவை வேலியைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்கள் காளையைத்தான் சொல்வார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய பிள்ளைகள் ஏந்திய படங்களைப் பார்த்த பிறகு, ஊர்ப் பெயரே ஒரு மாட்டின் பெயராகிவிட்டது. காளை வளர்ந்தது கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில். கொறங்காடு நிலைத்தது வேலியால். எங்கள் மண் செம்மண் சரளை. மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் பெய்யும், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இப்படிப்பட்ட பூமியை வருசா வருசம் உழுது பாழாக்குவதைவிடப் புல்லுக்கு விட்டுவிடலாம் என்று யாரோ, எப்போதோ, தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்திருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் என்றால் மற்ற ஊர்களில் புறம்போக்கு. இங்கே அது பட்டா நிலம். சில ஏக்கர்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிளுவை நட்டு, ஒரு கடவு வைத்து, அதற்கு ஒரு படல் சாத்தி வைத்திருப்பார்கள்.

உள்ளே தரையோடு கொழுக்கட்டைப் புல். ஒரு மழைக்கே துளிர்த்து, காய்ந்து சருகானாலும் மாடு தின்னும் புல் அது. அதோடு பின்னிக்கொண்டு நரிப்பயத்தங்கொடி ஓடும். இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் தீர்ந்து தரை தெரியும் நாட்களில் வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைத் தின்றே வைகாசியைத் தாண்டும். ஒரு காட்டில் மேய்த்து, அடுத்த காட்டுக்கு ஓட்டி, முதல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மேலாக உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். புல் மறுபடி புதிதாக வரும். வேலி இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. ஊர் மாடெல்லாம் உள்ளே வந்தால் ஓய்வு ஏது?

கிளுவைக்கு விதை வேண்டாம். போத்து வெட்டி நட்டால் வேர்விடும். ஆனால் ஆடு நுழையாத வேலியாக அடர்ந்து நிற்கப் பல வருடம் பிடிக்கும். சந்து விழுந்த இடத்தில் முள் வெட்டி அடைக்க வேண்டும், மேலே போனதைக் கழிக்க வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுபடி போத்து ஊன்ற வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை நிற்க, நடுவில் போகும் இட்டேரியில்தான் என் சிறுவயது முழுக்க நடந்தேன். மழை பெய்த மறுநாள் அந்தத் தடத்தில் ஒரு வாசனை இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு அந்த வாசனை வேறு எந்தச் செடியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் இருப்பது குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டன். மாட்டிறைச்சிக்கு அந்த நாட்டின் தலைநகர் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். சாலைகளில் காளைச் சிலைகள் நிற்கின்றன. வெளியே போனால் திமிலும் தொங்குதாடியுமாக, சாம்பல் நிறத்தில் பிராமன் மாடுகள். இந்தியாவின் ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் இரத்தத்திலிருந்து அமெரிக்காவில் உருவாக்கி, 1933 இல் குயின்ஸ்லாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்த இனம். உண்ணியையும் வெக்கையையும் தாங்கும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். அங்கே வேலி என்றால் இரும்புக் கம்பி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. முதல் வருடம் ஒரு பிராமன் காளை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தபோது, எங்கள் மயிலைக் காளைதான் என்று அருகில் போய்விட்டேன். எங்கள் மாட்டுக்கு அவ்வளவு சதை கிடையாது. அது கறிக்காக வளர்ந்த இனம் அல்ல. இழுப்பதற்காக வளர்ந்தது.

எதை இழுத்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி, ஏர் இரண்டையும்விடக் கடினமான வேலை கவலை இறைப்பது. ஆழக் கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீரை வடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு ஜோடி எருதுகள் சரிவில் இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் கொட்டியதும் பின்னாலேயே மேலேறும். விடியலுக்கு முன் பூட்டினால் வெயில் ஏறும் வரை இதேதான். சுண்ணாம்பு கலந்த எங்கள் மண்ணில் விளைந்த புல்தான் அந்த எலும்புக்கு உரம் என்று அப்பச்சி சொல்வார். கன்று பிறக்கும்போது செம்மை. ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளையானால் திமிலும் கழுத்தும் கறுத்துப் போகும், காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். பசு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிய விஷயம். அதையும் கன்றுக்கு விட்ட பிறகு அம்மாயி கறப்பாள்.

இந்த இனத்தின் வரலாற்றை எழுதும் எவரும் பழையகோட்டைப் பட்டக்காரரை விட முடியாது. நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பரந்த மேய்ச்சல் காடுகளை வேலியிட்டு, நல்ல பசுக்களையும் காளைகளையும் பொறுக்கிச் சேர்த்து, கன்று கன்றாகத் தேர்ந்தெடுத்து இந்த உருவத்தை நிலைநிறுத்தினார். 1936 இல் லிட்டில்வுட் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய புத்தகம்வரை அந்தத் தொழுவத்தின் பேர் போனது. அந்தப் பெருமையில் ஒன்றையும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மாடுகளை மேய்த்தவர்கள், வேலிக்குப் போத்து நட்டவர்கள், சாலுக்குத் தோல் தைத்தவர்கள் யார் என்ற கேள்வியை எங்கள் வீடுகளில் யாரும் கேட்டதில்லை. அருந்ததியர் தெருவிலிருந்து வந்தவர்கள். அப்பச்சியின் காட்டையும் அப்படி ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர். அவரைப் பேர் சொல்லி "வாடா" என்று கூப்பிடும் உரிமை பத்து வயதுக் குழந்தைக்கு இருந்தது. அவர் அந்தக் குழந்தையை "அம்மிணி" என்பார். தண்ணீர் குடிக்க அவருக்குக் கட்டுத்தாரை எரவாரத்தில் ஒரு கொட்டாங்குச்சி சொருகியிருக்கும். எந்த மாடு எந்தப் பசுவின் பேத்தி என்பது அவர் நினைவில்தான் இருந்தது. பல் பார்த்து வயது சொல்ல, சுழி பார்த்து வேண்டாம் என்று தள்ள, சந்தைக்குப் போகும்போது அப்பச்சி அவரை உடன் அழைத்துப் போவார். ஆனால் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது அவர் தள்ளி நிற்க வேண்டும்.

மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. கால்நடைக் கண்காட்சியில் பரிசு வாங்கிய, இனவிருத்திக்கு வைத்திருந்த எங்கள் பூச்சிக்காளை. கறுத்த திமில், வளைந்து மேலே சேரும் கொம்பு, நெற்றியில் குங்குமம். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கும் கை படத்தின் ஓரத்தில் மணிக்கட்டோடு நிற்கிறது. அவருடைய கை அது. அவருக்கு இருக்கும் ஒரே படம் அதுதான் என்று பிறகு அவர் மருமகள் சொன்னார்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பியபோது காங்கேயம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. பிறகு ஈரோடு என்றானது, 2009 முதல் திருப்பூர். அரிசி ஆலைகள், தேங்காய் எண்ணெய் ஆலைகள், கொப்பரை காயும் களங்கள், சிவன்மலைக்குப் போகும் கூட்டம். பணம் புழங்குகிறது, நல்லது.

மாடு போனதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. மின் மோட்டார் வந்ததும் கவலை நின்றது. டிராக்டர் வந்ததும் ஏர் நின்றது. பாலுக்குக் கலப்பினம் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் மேய்க்கும் கைகளை வேலைக்கு எடுத்துக்கொண்டன. அதே திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கரையோரக் கிணறுகளைக் கெடுத்தது. கம்பெனிக்குப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கொட்டாங்குச்சி இல்லாத இடத்துக்கு அவர்கள் போனார்கள். மீட்கும் வேலையும் நடக்கிறது. குட்டப்பாளையத்தில் இந்த இனத்துக்காகவே சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாடுகளுக்கு மட்டுமான சந்தை கூடுகிறது. அங்கே போனேன். மயிலை, செவலை, காரி என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள். விலையும் நன்றாகவே போகிறது. ஆனால் வாங்க வந்த இளைஞர்களிடம் எங்கே மேய்ப்பீர்கள் என்று கேட்டால், தீவனம் வாங்கிப் போடுவோம் என்கிறார்கள். மாடு திரும்பி வருகிறது, காடு வரவில்லை. இதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை.

வேலிக்கு வருகிறேன். வடக்கும் மேற்கும் அப்படியே நிற்கிறது, மார்பளவு, குச்சி நுழையாத அடர்த்தி. கிழக்கே அடுத்த காடு மனையாகிவிட்டது. வண்ணம் பூசிய எல்லைக் கற்களும், கற்காலில் கம்பிவலையும். தெற்கில் பல இடங்களில் கிளுவை பட்டுப்போய், உடைமுள் வெட்டி அடைத்திருக்கிறது. உள்ளே வெள்வேலம் பாதிக்குமேல் இருக்கிறது. புல்லும் இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மேச்சேரி ஆடுகள் மேய்ந்தன. அவற்றின் பின்னால் கொடுவாளோடு வந்தவர்தான் அந்தப் பெரியவரின் மருமகள். வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

"அம்மிணி, எப்பங்க வந்தீங்க?" என்றார். என் வயதுக்குச் சற்று மூத்தவர். "அக்கா" என்றேன். அவர் அதைக் கவனித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. வேலி முழுக்கச் சுற்றி நடந்தோம். எந்த இடத்தில் மாமனார் நட்டது, எந்த இடத்தில் தான் நட்டது என்று காட்டிக்கொண்டே வந்தார். தெற்கு வேலியை ஏன் இப்படி விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். என் குரலில் நிலக்காரியின் அதட்டல் இருந்திருக்க வேண்டும். அவர் நின்றுவிட்டார்.

"போத்து இன்னைக்கு நட்டா வேலியாக அஞ்சாறு வருசம் ஆகும்ங்க. எனக்குக் குத்தகை ஒரு வருசம். தை மாசம் பொறந்தா இருப்பனா போவனான்னு தெரியாது. முள்ளு வெட்டி அடைச்சா இந்த வருசத்துக்குப் போதும். வேறவனுக்கு நான் எதுக்குங்க நடோணும்?"

எத்தனையோ பேரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில். கொறங்காடு அழிவதற்கு மோட்டாரையும் டிராக்டரையும் சொல்கிறோம். வேலி வளர எடுக்கும் காலம் அளவுக்குக்கூட நிலத்தின்மேல் உறுதி இல்லாதவரிடம் வேலியை விட்டிருக்கிறோம், பட்டா வைத்திருப்பவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெரியவர் நட்டது எப்படி என்றால், அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் காலம் திரும்ப வரக்கூடாது. வேலி மட்டும் வர வேண்டும் என்றால் வேறு வழி வேண்டும்.

மாமா நல்ல மனிதர். என் படிப்புக்குக் காளை ஜோடி விற்றுப் பணம் கொடுத்தவர். அவரிடம் பேசுவது சுலபமாக இல்லை. "மாடே இல்லாத காட்டுக்கு வேலி எதுக்கு கண்ணு? சோலார்க்காரன் வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். உங்கையெழுத்து இருந்தா இந்த மாசமே முடிஞ்சுரும்" என்றார்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். அத்தை காபித் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சோலார்க்காரனுக்கு இருபது முப்பது வருடத்துக்கு எழுதிக் கொடுக்க முடிகிறதென்றால், ஆடு மேய்ப்பவருக்குப் பத்து வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். வாடகை குறையும், அந்தக் குறையை என் பங்கில் கழித்துக்கொள்ளட்டும். தெற்கு வேலிக்குப் போத்தும் கூலியும் நான் தருகிறேன்.

மாமா நெடுநேரம் யோசித்தார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவளுக்கா? எழுதியா?" என்றார்.

"ஆமாங்க மாமா. அவங்க பேருல, பத்திரத்துல, பதிவு பண்ணி" என்றேன்.