விட்ட இடம்

புஸ்தகத்தை மூடும்போது நடுவில் ஒரு மயிலிறகை வைப்போம் அல்லவா? புஸ்தகம் பெரிசு, மயிலிறகு சிறிசு. புஸ்தகம் தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். இறகு வைத்த பக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஒத்தக்கடையில் இருக்கும் என் தங்கை வீட்டில் இந்தக் கேள்விதான் எழுந்தது. அவள் பையனிடம் 'பிளேஸ்டேஷன் 4' என்ற விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. 2013-ல் முதலில் வெளிவந்த ரகம். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கின் கொள்ளளவு 500 ஜி.பி. இப்போதெல்லாம் ஓர் ஆட்டமே 100 ஜி.பி.யை விழுங்குகிறது. டிஸ்க் நிரம்பிவிட்டது; போதாக்குறைக்கு 'டிக், டிக்' என்று முனகவும் ஆரம்பித்திருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிடா" என்றாள் தங்கை. பையன் அழுதுவிட்டான்.

"அப்பாவும் நானும் பாதி ஆடி வச்சிருக்கோம், பெரியம்மா!"

அவன் அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. போன லீவில் இருவரும் துவக்கிய ஆட்டம் பாதியில் நிற்கிறது. அவர் வரும்வரை அதைத் தொடுவதில்லை என்று பையன் சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறான்!

ஆட்டத்தை மட்டும் அழித்தால் விட்ட இடம் அழியாது; அது தனிக் குறிப்பாக இருக்கும். ஆனால் டிஸ்கே உயிரை விட்டால் இரண்டும் போய்விடும். ஆகவே, புது டிஸ்க் வாங்கினோம். 1 டி.பி.; லாப்டாப்பில் இருக்குமே, அதே இரண்டரை அங்குலச் சைஸ்.

முறையைக் கேளுங்கள். முதலில் யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க வேண்டும். செட்டிங்ஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஜெயித்த கோப்பைகள் மட்டும் பிரதியில் சேரா. அவற்றை முன்கூட்டியே இன்டர்நெட் மூலம் கம்பெனிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

பிரதி எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தங்கையும் நானும் பக்கத்தில் யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தோம். பாண்டியனின் மந்திரி மாறன் காரி 770-ல் மலையைக் குடைந்து எழுப்பிய கோயில். கும்பாபிஷேகத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டிப் பூர்த்தி செய்தாராம். பாறையில் சம்ஸ்கிருதத்தில் ஒன்று, தமிழில் வட்டெழுத்தில் ஒன்று என்று இரண்டு சாசனங்கள். தம்பி முடித்த கதையைச் சொல்வது தமிழ்ச் சாசனம். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாக எழுதி வைத்தார்களே, என்ன முன்யோசனை!

திரும்பி வந்து பெட்டியை அணைத்து, மின்சார வயரையும் பிடுங்கினோம். மூடியைத் தள்ளினால் ஒரே ஒரு விசேஷத் திருகாணி. அதைக் கழற்றிப் பழைய டிஸ்கை எடுத்துப் புதியதைப் பொருத்தினோம். கம்பெனியின் மென்பொருளை முன்பே ஒரு பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தோம். இரண்டாவது 'பீப்' கேட்கும் வரை பொத்தானை அழுத்திப் பிடித்து, மென்பொருளைப் புது டிஸ்கில் ஏற்றினோம். பிறகு பிரதியைத் திருப்பிக் கொட்டினோம். ராத்திரி பதினொரு மணிக்குத் திரையில் இரண்டு பெயர்கள் எழுந்தன: மகன், அப்பா.

துபாய்க்குப் போன் போயிற்று. புது டிஸ்கின் விலையைக் கேட்பார் என்று தங்கை பயந்தாள். "விட்ட இடம் இருக்காடா?" என்றுதான் கேட்டார்.

பழைய டிஸ்கை இப்போது தங்கை பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். புதியது சரியாக ஓடுகிறதென்று நிச்சயமாகும் வரை அது அங்கேதான் இருக்க வேண்டுமாம்.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் குரல், குழந்தையின் முதல் நடை என்று ஏதாவது ஒரே ஒரு டெலிபோனில் மட்டும் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள், சகோதரிகளே. கடையில் கிடைக்கிற சாமானுக்கு அவசரமில்லை, கிடைக்காததற்குத்தான் அவசரம்.