கண்ணுக்குள் ஒரு புழு

உடம்பில் வேறெங்கு நோய் கண்டாலும் வைத்தியரைத் தேடுகின்ற நம்மவர், கண்ணில் கண்டால் மட்டும் முற்பிறப்பின் வினையைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர். அதிலும், கண்ணுக்குள் உயிருள்ள புழு ஒன்று அசைந்துகொண்டிருக்கிறதென்றால் கேட்கவும் வேண்டுமோ! அன்பர்களே, அது வினையன்று. வாய் வழியாக வயிற்றுக்குட் சென்ற ஒரு முட்டை. அம்முட்டை வரும் வழியைப் பற்றியே இங்குச் சில கூற விழைகின்றேன்.

பன்றி நாடாப்புழு என்பது மனிதன் குடலில் பல முழ நீளம் வளர்ந்து வாழ்வது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அவற்றைப் பன்றி தின்றால், அதன் தசையிற் சிறு நீர்க்கட்டிகள் உண்டாகும். அவ்விறைச்சியை நன்கு வேகாமல் உண்பவன் குடலில் மீண்டும் நாடாப்புழு வளரும். ஜெர்மானிய வைத்தியர் கூக்கென்மைஸ்டர், மரண தண்டனை பெற்ற கைதிக்கு இக்கட்டிகளை உணவிற் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் குடலைச் சோதித்து, 1855-ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தார். செய்த முறை கொடியது, கண்டது உண்மை.

ஆனால், முட்டையையே மனிதன் விழுங்கினால் என்னவாகும்? பன்றிக்கு நேர்வதே அவனுக்கும் நேரும். முட்டையினின்று வெளிப்படும் நுண்ணிய குஞ்சு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்திற் கலந்து, மூளையிலோ, தசையிலோ, கண்ணிலோ சென்று தங்கிக் கட்டியாகும். ஆகவே, இந்நோய்க்குப் பன்றி இறைச்சி உண்ண வேண்டுவதே இல்லை. மலம் கலந்த நீரும், அந்நீர் பாய்ந்த பச்சைக் கீரையும், கழுவாத கையுமே போதும். பன்றி இறைச்சியைக் கையாலும் தொடாத யூத வைதிகர் நால்வர்க்கு நியூயார்க் நகரில் இக்கட்டிகள் மூளையிற் காணப்பட்ட செய்தி 1992-இல் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்து பலரையும் திகைக்கச் செய்தது.

என் சிற்றப்பாவும் திகைத்தவர்தாம். தஞ்சை ஜில்லாவில் வாழும் அவர் பிறந்தது முதல் மரக்கறி உணவன்றி வேறறியார். 2011-இல் அவரது வலக்கண்ணில் ஒரு நிழல் தோன்றி நகர்ந்தது. கோவிலுக்கு நேர்ந்துகொண்டதிலும் எண்ணெய் ஊற்றியதிலும் இரண்டு மாதங்கள் கழிந்தன. யான் சிங்கப்பூரிலிருந்து சென்று, அவரை ஒரு கண் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். வைத்தியர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, திரையில் எமக்கும் காட்டினார். முத்துப்போல் வெளுத்த கட்டி ஒன்று; அதனுள்ளே ஒரு வெண்புள்ளி. ஒளி பட்டதும் அப்புள்ளி வெளியே நீண்டது. பின் உள்ளே சுருங்கிற்று. அதுவே புழுவின் தலை.

நோயின் பெயரைக் கேட்ட சிற்றப்பா, "தம்பி, ஊரில் இந்தப் பெயரைச் சொல்லிவிடாதே" என்றார். பார்வை போவதைக் காட்டிலும் பெயர் கெடுவதே அவர்க்குப் பெரிதாயிற்று. மருந்து கொடுத்துக் கொன்றுவிடலாகாதா என்றும் கேட்டார். வைத்தியர் மறுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. கண்ணுக்குள் புழு இறந்தால், அதன் உடலிலிருந்து கசியும் நச்சுப்பொருள் கடும் அழற்சியை உண்டாக்கிக் கண்ணையே அழித்துவிடும். ஆதலின் கண்ணுக்குள் இருப்பதை உயிரோடு எடுப்பதே நலம். அவரது மூளையிலும் கட்டி உண்டோவென்று படம் பிடித்துப் பார்த்தனர், இல்லை.

இத்தகைய ரண சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. கண்ணின் உள்ளே நோக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்ட பின்னரே, உயிருள்ள மனிதனின் விழித்திரையருகே இப்புழு இருப்பதைக் காண முடிந்தது. பெர்லினில் கிரேபே என்னும் பேரறிஞர் தம்மிடம் வந்த கண் நோயாளிகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவரிடம் இதனைக் கண்டார். கத்தியிட்டு எடுக்கவும் துணிந்தார். பின்னர் அந்நகரில் இப்புழு அரிதாயிற்று. அதற்குக் கத்தி காரணமன்று. கசாப்புச் சாலைகளில் இறைச்சியைச் சோதிக்கச் செய்த ஏற்பாடே காரணம். இந்த ஒன்றை நம் நகராண்மையார் படித்தல் வேண்டும்.

கண்ணின் உட்கூழை வெட்டி உறிஞ்சும் முறையை, 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் என்பார் வகுத்தார். சிற்றப்பாவுக்குச் செய்ததும் அதுவே. கண்ணின் வெண்பகுதியில் மூன்று சிறு துளைகள்: ஒன்றில் நீர் உட்செல்லும், ஒன்றில் விளக்கு, மற்றொன்றில் வெட்டும் கருவி. கூழை நீக்கிக் கட்டியை வெளியே எடுத்தனர். விழித்திரையைத் துளைத்துப் புழு வந்த வழியை லேஸர் ஒளியால் அடைத்து, உள்ளே எண்ணெய் நிரப்பினர். ஊசியால் கண்ணை மட்டும் மரக்கச் செய்திருந்தமையால் அவர் விழித்தே இருந்தார்.

ஊர் திரும்பியதும் வேறொரு வழக்கு எழுந்தது. வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரே காரணமென்று சிற்றம்மை முடிவு கட்டி, அவரை நிறுத்திவிட முனைந்தார். முட்டை எவர் குடலிலிருந்தும் வரலாம், வீட்டார் குடலிலிருந்தும் வரலாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால், எல்லோரையும் மலச் சோதனை செய்விக்க வேண்டுமென யான் பிடிவாதம் செய்தேன். முகஞ்சுளித்தனர், ஆயினும் இணங்கினர். அவ்வம்மையாரிடம் ஒன்றுமில்லை; வீட்டார் எவரிடமும் இல்லை. தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மேற்கரையில் மக்கள் காலைக்கடன் கழிப்பர். கீழ்க்கரையில் சந்தைக்குப் போகும் கீரையைக் கழுவுவர். யான் அதைச் சுட்டிக் காட்டிய பின் அம்மையாரைப் பற்றிய பேச்சு நின்றது.

சில மாதங்களுக்குப் பின் எண்ணெயை எடுத்துவிட்டனர். சிற்றப்பா இப்போது அக்கண்ணால் ஆளையும் கதவையும் அறிகிறார், எழுத்துத் தெரிவதில்லை. பத்திரிகையை இடக்கண்ணால் படிக்கிறார். கீரையை வேகவைத்தே உண்கிறார்.