புதுப்பேட்டையில் ஒரு பகற்பொழுது



சென்னைக்கு வருகின்றவர்கள் மெரினாவைக் காண்பார்கள், அருங்காட்சியகத்தைக் காண்பார்கள், தியாகராய நகரில் துணிமணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கூவம் ஆற்றை ஒட்டி இருக்கும் புதுப்பேட்டையைக் காண எவரும் செல்வதில்லை. ஆனால், பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர் நீங்களாயின், என்றேனும் ஒருநாள் அங்கே சென்றுதான் ஆகவேண்டும். சற்று என்னோடு வாருங்கள்.

எங்கள் இல்லத்தில் ஓர் அம்பாசிடர் கார் உண்டு. 1988ஆம் ஆண்டு வாப்பா வாங்கிய மார்க் 4. வாப்பா மறைந்த பின்னும் அதை விற்க உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. என் சகோதரியின் மகளுக்கு நாகூரில் நிக்காஹ் நிச்சயமானபோது, “அந்த வண்டியிலேயே போவோம்” என்றார்கள். மூட்டுவலியால் அவதியுறும் அவர்களுக்கு, தாழ்வான புதிய கார்களில் குனிந்து ஏறுவது பெருந்துன்பம்.

பயணத்திற்கு மூன்று வாரங்கள் இருந்தன. அப்போதுதான் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஓர் ஓசை எழத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு தட்டல். ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். இடப்பக்க டயரோ உட்புறம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. அருகிலிருந்த பணிமனை ஒன்றில் காட்டினேன். வண்டியை ஜாக்கியில் தூக்கிக்கூடப் பாராமல், “முன்பக்கம் முழுதும் போய்விட்டது; 38,000 ரூபாய் ஆகும். அதைவிட எடைக்குப் போட்டுவிடுவது நல்லது” என்றார்கள். வீடு திரும்பிச் சொன்னேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனந்தான் மறுநாள் என்னைப் புதுப்பேட்டைக்கு அனுப்பியது.

அப்பப்பா! அந்தத் தெருக்களை என்னென்பது! ஒரு கடையின் முகப்பில் கதவுகள் மட்டும் அடுக்கப்பட்டிருக்கும், அடுத்ததில் என்ஜின்கள், அதற்கடுத்ததில் விளக்குகளும் கண்ணாடிகளும். ஆயுள் முடிந்த வாகனங்களை அக்கக்காகப் பிரித்து, பயனுள்ள ஒவ்வொன்றையும் விற்பனைக்கு வைக்கும் அங்காடி அது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் அதன் எலும்பும் தசையும் இங்கே இன்றும் கிடைக்கின்றன.

தெருவோரத்துச் சிறு பட்டறை ஒன்றில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் இருந்தார். ஸலாம் கூறி, விவரம் சொன்னேன். “தொகையைப் பிறகு பேசலாம் தம்பி, முதலில் நோயைப் பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பினார். அவர் செய்த சோதனையை நீங்களும் நினைவிற் கொள்ளுங்கள்.

சக்கரத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிடித்து ஆட்டினார், ஆடியது. உடனே என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். “மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால் கிங்பின் தேய்ந்திருக்கிறது” என்றார். நிற்கவில்லை. பிறகு சக்கரத்தின் இருபுறங்களையும் பிடித்து இடவலமாக அசைத்தார். அந்த ஆட்டம் டை ராட் எண்ட் எனப்படும் மூட்டின் தேய்மானத்தைக் காட்டுமாம். இறுதியாக லோயர் ஆர்முக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது, அதன் ரப்பர் புஷ்கள் நைந்து நூலாய்க் கிடந்தது தெரிந்தது. ‘டொக்’ என்ற ஓசையின் பிறப்பிடம் அதுவே!

அம்பாசிடரின் முன்பக்கத்தில் சுருள் வில் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் இரு முறுக்குத் தண்டுகளே பாரத்தைத் தாங்குகின்றன. அவை ‘போய்விட்டன’ என்றுதான் முதல் பணிமனை கணக்கிட்டிருந்தது. பெரியவரோ, “இது இரும்பு, சற்றே தளர்ந்திருக்கிறது. பின்முனையில் திருத்தி உயரத்தைச் சரிசெய்தால் போதும். மாற்ற வேண்டியதில்லை” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே என் செலவில் பெரும்பகுதி குறைந்துவிட்டது.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதையும் அவரிடமே கற்றேன். கோணலோ விரிசலோ இல்லாத இரும்பு ஆர்மைப் பழையதாக வாங்கலாம். முறுக்குத் தண்டு வாங்கினால் இடப்பக்கத்திற்கு இடப்பக்கத்துத் தண்டையே வாங்கவேண்டும். ஒரு திசையில் முறுக்கேறிப் பழகியதை மறுபக்கம் மாட்டலாகாது. ரப்பர் புஷ், கிங்பின், டை ராட் எண்ட் ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. “இவை உயிர் காக்கும் பொருள்கள் தம்பி. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்” என்று அழுத்திச் சொன்னார். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குமாறும் அறிவுறுத்தினார்.

புதிய பாகங்களுக்காக, அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். அதுவும் முழுக்க முழுக்க வாகன உதிரிபாகக் கடைகளால் நிறைந்த சாலையே. இருபுறத்திற்குமான புஷ்கள் 1,200 ரூபாய். கிங்பின் தொகுதி இரண்டு 4,600. டை ராட் எண்ட் இரண்டு 1,400. பெரியவர் கேட்ட கூலி 4,500. வேலை முடிந்தபின் சக்கரங்களை நேர்ப்படுத்திய அலைன்மென்டுக்கு 600. ஆகமொத்தம் 12,300 ரூபாய். முதலில் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குதான்!

“இடப்பக்கந்தானே கெட்டது? இருபுறமும் மாற்றுவானேன்?” என்று கேட்டேன். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். சில மாதங்களில் மறுபக்கத்திற்கும் அதே கூலியைக் கொடுக்க நேரும் என்றார். பிறகு கழற்றிய கிங்பின்னை என் கையில் வைத்தார். கிரீஸ் என்பதன் சுவடே அதில் இல்லை. “இதற்கு வயதாகிக் கெடவில்லை; பட்டினியால் கெட்டது” என்றார்.

எனக்கு நாணமாக இருந்தது. வாப்பா இருந்தவரை, மாதந்தோறும் கிரீஸ் துப்பாக்கியுடன் வண்டிக்கடியில் படுத்திருப்பார்கள். அது அவர்களின் பொழுதுபோக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். வாகனத்தைப் பெற்றுக்கொண்ட நான், அந்தப் பழக்கத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. 12,300 ரூபாயில் பெரும்பகுதி பழைய காருக்கான செலவன்று. என் அலட்சியத்திற்கான தண்டமே!

குறித்த நாளில் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று 300 கிலோமீட்டருக்கும் கூடுதலான பயணம். கடலூரைத் தாண்டும்போது உம்மா, “அந்தத் தட்டல் சத்தத்தைக் காணோமே வாப்பா” என்றார்கள். பிள்ளைகளை ‘வாப்பா’ என்றழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனினும் அந்த வண்டியில் அமர்ந்து அச்சொல்லைக் கேட்டபோது என் நெஞ்சம் கனத்தது. மாலைக்குள் நாகூரின் ஐந்து மினாராக்களும் கண்ணில் பட்டன.

வாசகப் பெருமக்களே! உங்கள் பழைய காரின் முன்பக்கத்தில் ஓசை கேட்டால், நாளை பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். சில நூறு ரூபாய் புஷ்ஷைப் புறக்கணித்தால், அது டயரையும் தின்று மூட்டுகளையும் தின்றுவிடும். மொத்தத் தொகையைக் கேட்டு மலைத்தும் போகாதீர்கள். எது தேய்ந்தது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள்; ஒவ்வொன்றாக விலை கேளுங்கள்; கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேவையில்லாததைத் தேவையில்லை என்று சொல்லும் தொழிலாளி கிடைத்துவிட்டால், அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று காலையில் நான் அந்த வண்டிக்கடியில் படுத்திருக்கிறேன். உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று தேநீர் போடுகிறார்கள்.